துண்டை வீசத் தெரிந்தவர்

கயிற்றுக்கு வெளியே ஒரு பக்கெட்டும் தோளில் ஒரு துண்டுமாக நிற்கிறாரே, அந்த வாத்தியாரைப் பார்ப்பதற்காகத்தான் இத்தனை வருஷமாகக் குத்துச்சண்டை பார்க்கிறேன். இதைச் சொன்னால் வட சென்னைக்கு வெளியே இருக்கும் நண்பர்கள் நம்புவதில்லை. குத்துகிறவன் உள்ளே இருக்கும்போது வெளியே நிற்கிற ஆளிடம் பார்க்க என்ன இருக்கிறது என்கிறார்கள். வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ ராயபுரத்திலோ இப்படி யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு பையன் நன்றாக ஆடினால் இங்கே முதலில் வரும் விசாரிப்பே, "யாரு வாத்தியாரு?" என்பதுதான். பையன் பேர், அப்பா பேர் எல்லாம் அப்புறம்.

சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்பச் செட்டியார் என்று இந்தப் பக்கத்தில் பேர் வாங்கிய பரம்பரைகள் அந்த விசாரிப்பில் வளர்ந்தவை. ரத்த உறவு அவசியமில்லை. ஒரு வாத்தியார் கையால் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு மேடை ஏறியவன் அந்தப் பரம்பரைக்காரன். நாளைக்கு அவன் இன்னொரு பையனுக்குச் சுற்றிவிடுவான். கிளவுஸைக் கொண்டுவந்தது வெள்ளைக்காரச் சிப்பாய்களும் கப்பல்காரர்களும். 3 நிமிஷ ரவுண்டு, 1 நிமிஷ ஓய்வு, விழுந்தவன் எழுந்திருக்க 10 எண்ணிக்கை என்று 1867-ல் லண்டனில் வந்த குவீன்ஸ்பெரி விதிகளும் அவர்களோடு கப்பலேறி வந்தன. ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியர்கள் ஆடினார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் காசிமேட்டில் வலை இழுத்தவர்களும் மில்லில் தறி ஓட்டியவர்களும் அதைப் பார்த்துப் பழகித் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். ஆங்கிலோ இந்திய வீரர் நாட் டெரியைக் கித்தேரி முத்து வீழ்த்தியதையும், பெரியார் அவருக்குத் 'திராவிட வீரன்' என்று பட்டம் கொடுத்ததையும் என் தாத்தா வயசு ஆட்கள் நேற்று நடந்த மாதிரி சொல்வார்கள். சொல்லும்போது அந்தக் குத்து விழுந்த இடத்தை அவர்கள் கன்னத்திலேயே தொட்டுக் காட்டுவார்கள்.

அந்தக் காலத்து நோட்டீஸில் 'ரோசமான குத்துச்சண்டை' என்று போட்டிருக்கும். பொய்யில்லை. பேட்டைக்குப் பேட்டை, பரம்பரைக்குப் பரம்பரை அந்த ரோசம் இருந்தது. தோற்றவன் வீட்டுத் தெருவில் அன்று ராத்திரி ரேடியோகூடச் சத்தமாக வைக்கமாட்டார்கள். இந்த விளையாட்டை இங்கே நூறு பேர் வளர்த்திருக்கலாம், ஆனால் உயிரோடு காப்பாற்றியது ரோசத்தை ஒரு பக்கம் எடுத்து வைக்கத் தெரிந்த வாத்தியார்கள்தான் என்பது என் முடிவு. தன் பையன் இனி தாங்கமாட்டான் என்று பட்டால், துண்டை உள்ளே வீசித் தோல்வியை ஒப்புக்கொண்டு சண்டையை நிறுத்துகிறவர்கள் அவர்கள்.

எனக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது நைனா. பின்னி மில் தொழிலாளி. அவர் மேடை ஏறியதில்லை, ஆனால் கண்ணப்பர் திடலில் நடந்த சண்டைகளை விட்டதும் இல்லை. சின்ன வயசில் என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்வார். நான் கிளவுஸையே பார்த்துக்கொண்டிருப்பேன். யாராவது ஓங்கினால் கத்துவேன். அவர் கீழே இருந்து என் முழங்காலைத் தட்டுவார்.

"இன்னாடா பாக்குற?"

"குத்துறத."

"கைய பாக்காத. கால பாரு. எவன் கால் முதல்ல நவுருதோ அவந்தான் அடிக்கப் போறான்."

கொஞ்ச நாள் அது எனக்குப் பிடிபடவே இல்லை. பிடிபட்ட பிறகு வேறு விளையாட்டு பார்ப்பது போல இருந்தது. நல்ல வீரனின் முன்கால் எப்போதும் எதிராளியை நோக்கி ஒரு கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும். பின்கால் குதிகால் தரையில் படாது. இரண்டு கால்களும் ஒன்றையொன்று தாண்டாது, ஒட்டாது. இடது பக்கம் போகவேண்டுமானால் இடது கால் முதலில், வலது பக்கமானால் வலது கால் முதலில். கேட்டால் சாதாரணமாகத் தெரியும். முதல் ஆறு மாதம் பையன்களுக்கு வாத்தியார் கிளவுஸே தராமல் இதை மட்டும் செய்யச் சொல்வார். பொறுமை இல்லாதவன் ஓடிவிடுவான். இருந்தவனிடம் பார்த்தால், அவன் குத்தின் வலு கையில் இருந்து வராது. தரையை மிதித்த பின்காலில் தொடங்கி, இடுப்பு திரும்பி, தோள் வழியாகக் கடைசியாகத்தான் முஷ்டிக்கு வந்து சேரும். பெரிய உடம்புக்காரன் சின்ன ஆளிடம் அடிவாங்கி உட்காருவது இதனால்தான்.

காலுக்கு அடுத்தது ஜாப். முன்கையால் நேராக நீட்டி உடனே இழுத்துக்கொள்கிற குத்து. புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு அது குத்து மாதிரியே தெரியாது. எல்லோரும் பக்கவாட்டில் வளைந்து வரும் ஹூக்குக்கும் கீழிருந்து மேலே ஏறும் அப்பர்கட்டுக்கும்தான் கை தட்டுகிறார்கள். ஆனால் தூரத்தை அளப்பதும், எதிராளியின் மூச்சைக் கெடுப்பதும், அவன் கண்ணை மறைத்துப் பின்னால் வலது கைக்கு வழி விடுவதும் ஜாப்தான். நான் பார்த்த ஹெவிவெயிட்களில் லாரி ஹோம்ஸின் ஜாப்பைப் போல ஒன்று இல்லை. அவருடைய பேர் இந்தக் கட்டுரையில் இன்னொரு முறையும் வரும், துக்கமான இடத்தில்.

முகமது அலி சென்னைக்கு வந்தது 1980-ன் தொடக்கத்தில். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். எம்.ஜி.ஆர். வந்திருந்தார். நைனா போயிருந்தார். என்னைக் கூட்டிப் போகவில்லை, கூட்டத்தில் நசுங்கிவிடுவேன் என்று பயம். திரும்பி வந்தவரிடம் தெருவே கதை கேட்டது. மற்றவர்கள் அலியின் உயரத்தைப் பற்றியும் சிரிப்பைப் பற்றியும் கேட்டார்கள். நைனா சொன்னது வேறு. "ஆளு எட போட்டுட்டான். ஆனா கால் இன்னும் தரைய கேட்டுத்தான் வைக்கறான்."

ஜிம்மி எல்லிஸ் யார் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. பிற்பாடு மூர் மார்க்கெட்டில் பழைய அமெரிக்கக் குத்துச்சண்டைப் பத்திரிகைகள் வாங்கிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1985-ல் அந்தக் கட்டிடம் எரிந்துபோகும்வரை என் கைக்காசெல்லாம் அங்கேதான் போனது. எல்லிஸ் அலியின் ஊர்க்காரர், லூயிவில்லில் ஒன்றாக வளர்ந்தவர், பல வருஷம் அலிக்கு ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை, கொடுத்தவர், அவரே ஒரு காலத்தில் உலகப் பட்டமும் வைத்திருந்தவர். 1971 ஜூலையில் இந்த இரண்டு நண்பர்களும் ஹூஸ்டனில் நிஜமாகவே மோதினார்கள். இருவருக்கும் வாத்தியார் ஒருவர்தான், ஏஞ்செலோ டண்டி. அன்றைக்கு டண்டி எல்லிஸின் கார்னரில், அதாவது ரவுண்டுக்கு நடுவில் அவர் வந்து உட்காரும் மூலையில், நின்றார். எல்லிஸுக்கு அவர் மேனேஜரும்கூட, அதனால் அந்தப் பக்கம் நிற்பதுதான் முறை. அலி அதை ஏற்றுக்கொண்டார். 12-வது ரவுண்டில் எல்லிஸை மேற்கொண்டு ஆட முடியாமல் செய்து ஜெயித்தார். அடுத்த சண்டைக்கு டண்டி மறுபடி அலியின் கார்னரில். இங்கே பரம்பரை மாறி நின்ற ஒரு வாத்தியாரை எங்கள் ஆட்கள் எப்படிப் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்தச் செய்தியை நைனாவிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நல்ல மனுசன். ரெண்டு பேரும் அவன் புள்ளைங்க. எவன் தனியா இருக்கானோ அவன்கிட்ட நின்னுருக்கான்" என்றார்.

அதற்குப் பிறகு டண்டியைப் பின்தொடர்ந்துதான் அலியைப் பார்க்க ஆரம்பித்தேன். பர்மா பஜாரில் கேசட் வந்த காலம். படம் அலை அலையாக ஓடும், சத்தம் வராது. ஆனால் ரவுண்டுக்கு ரவுண்டு நடுவில் வருகிற அந்த ஒரு நிமிஷம் இருக்கும், அது போதும்.

1963 ஜூன், வெம்ப்ளி. 21 வயசு அலிக்கு, அப்போது கேசியஸ் கிளே, ஹென்றி கூப்பரின் இடது ஹூக் 4-வது ரவுண்டின் கடைசி நொடிகளில் விழுகிறது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே போய்விட்டார். எழுந்ததும் மணி அடித்தது, இல்லையென்றால் கதை வேறு. டண்டி அவரை ஸ்டூலில் உட்காரவைத்து மூக்கில் மயக்கம் தெளிவிக்கிற உப்பு முகரவைக்கிறார், அது அந்த ஊர் விதிக்கு விரோதம். அப்படியே கிளவுஸில் இருந்த ஒரு கிழிசலை நடுவரிடம் காட்டி மேலும் சில நொடிகளைச் சம்பாதிக்கிறார். 5-வது ரவுண்டில் கூப்பரின் புருவம் கிழிந்து சண்டை நின்றது. டண்டி செய்தது நியாயமா என்றால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் தன் பையனின் கண் தெளிய எவ்வளவு நேரம் தேவை என்று அந்தச் சத்தத்துக்கு நடுவில் கணக்குப் போட முடிந்த மனிதர் அவர்.

அடுத்த வருஷம் பிப்ரவரியில் மயாமி பீச்சில் அப்போதைய உலக சாம்பியன் சோனி லிஸ்டன். 4-வது ரவுண்டு முடிந்து வந்த கிளேவுக்குக் கண் எரிகிறது, ஒன்றும் தெரியவில்லை, கிளவுஸை வெட்டு என்று கத்துகிறார். டண்டி ஸ்பாஞ்சால் கண்ணைக் கழுவிவிட்டு, மணி அடித்ததும் முதுகைப் பிடித்து உள்ளே தள்ளுகிறார். ஓடு, விலகி ஓடு என்பது மட்டும்தான் அறிவுரை. அந்த ரவுண்டு முழுக்க ஒரு கையை நீட்டி லிஸ்டனைத் தள்ளிவைத்தபடி கிளே சுற்றிச் சுற்றி ஓடுகிறார். கண் தெளிந்தது. 7-வது ரவுண்டுக்கு லிஸ்டன் ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை. அந்த ஒரு தள்ளு இல்லாமல் பின்னால் வந்த அலி இல்லை.

வாத்தியார் சொல்வதெல்லாம் சரியாகவும் இருக்காது. 1974 அக்டோபரில் கின்ஷாசாவில் அப்போதைய உலக சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மனுக்கு எதிராக அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு அடியை வாங்கினார். கயிற்றைவிட்டு வெளியே வா என்று டண்டி கத்திக்கொண்டே இருந்தார். அலி வரவில்லை. ஃபோர்மன் கை ஓய்ந்து, 8-வது ரவுண்டில் விழுந்தார். சிஷ்யன் வாத்தியாரைத் தாண்டிப் போகிற அந்த இரவை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது 1975 அக்டோபர் 1, மணிலா. அலியும் ஜோ ஃபிரேசியரும் மூன்றாவது முறை. காலை நேரச் சண்டை, கூரைக்குக் கீழே கொதிக்கிற வெயில். 14 ரவுண்டு முடிந்தது. ஃபிரேசியருக்கு இடது கண்ணில் ஏற்கெனவே பார்வை மங்கல், அதை அவர் வெளியே சொன்னதில்லை. நல்ல கண்ணான வலது கண்ணை அலி அடித்தே மூடிவிட்டார். வருகிற வலது கை அவருக்குத் தெரியவே இல்லை. மிச்சம் இருப்பது 3 நிமிஷம். எதிர் கார்னரில் அலியும் நிற்க முடியாத நிலையில்தான் இருக்கிறார். ஃபிரேசியரின் வாத்தியார் எடி ஃபட்ச் சண்டையை நிறுத்தினார். ஃபிரேசியர் எழுந்து நின்று வேண்டாம் என்றார். உட்காரு மகனே, முடிந்தது, இன்று நீ செய்ததை யாரும் மறக்கமாட்டார்கள் என்று தோளை அழுத்தி உட்காரவைத்தார் ஃபட்ச். வளையத்தில் அடிபட்டு இறந்தவர்களைக் கண்ணால் பார்த்தவர் அவர். ஃபிரேசியரின் பிள்ளைகளையும் அவருக்குத் தெரியும். உலகமே அந்த 15-வது ரவுண்டைப் பார்க்கக் காத்திருந்தபோது அவர் அந்தப் பிள்ளைகளை நினைத்தார்.

அடுத்தது 1980 அக்டோபர் 2, லாஸ் வேகாஸ். எங்கள் ஊரில் எல்லிஸோடு விளையாட்டாக ஆடிவிட்டுப் போன அலி, அதே வருஷம் லாரி ஹோம்ஸுக்கு எதிராக மேடை ஏறினார். 38 வயசு. ஹோம்ஸ் முன்பு அவருக்கு ஸ்பாரிங் கொடுத்த பையன். அந்த ஜாப் ஒவ்வொரு ரவுண்டும் வந்து விழுகிறது, அலியின் கை எழவே இல்லை. நைனா சொன்ன அந்தக் கால்கள் தரையோடு பேசுவதை நிறுத்திவிட்டிருந்தன. ஹோம்ஸ் நடுவர் முகத்தைப் பார்க்கிறார், நிறுத்தமாட்டீர்களா என்பதுபோல. 10-வது ரவுண்டு முடிந்ததும் டண்டி நிறுத்தினார். அலியின் கார்னரில் உதவிக்கு இருந்த பண்டினி பிரவுன் இன்னும் ஒரு ரவுண்டு என்று டண்டியின் ஸ்வெட்டரைப் பிடித்துக் கெஞ்சினார். இங்கே தலைமை நான்தான், முடிந்தது என்று டண்டி கத்தினார். அலி தன் வாழ்க்கையில் கடைசி ரவுண்டு வரை போகாமல் தோற்றது அந்த ஒரு சண்டை மட்டும். ஜெயித்த ஹோம்ஸ் அழுதார். 16 வருஷத்துக்கு முன்னால் இதே கையால் முதுகில் தள்ளி உள்ளே அனுப்பிய மனிதர்தான் இன்றைக்கு மறித்து நின்றார். அந்தக் கேசட்டை நான் மறுபடி போட்டுப் பார்ப்பதில்லை.

அது நேரத்தோடு வந்த துண்டு என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. 4 வருஷம் கழித்து அலிக்குப் பார்க்கின்சன்ஸ் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். குத்துச்சண்டையை நேசிக்கிறவன் இந்த இடத்தைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. இது மூளையைச் சேதப்படுத்துகிற விளையாட்டு. 1982 நவம்பரில் அமெரிக்க வீரர் மான்சினியோடு மோதிய கொரிய வீரர் கிம் டுக்-கூ 14-வது ரவுண்டில் விழுந்து, சில நாளில் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் உலக குத்துச்சண்டை கவுன்சில் பட்டச் சண்டைகளை 15 ரவுண்டில் இருந்து 12-க்குக் குறைத்தது. ஒரு உயிர் போய்த்தான் 9 நிமிஷம் குறைந்தது. காசுக்கு ஆடாத அமெச்சூரில் 3 ரவுண்டுதான், நடுவர் நின்றவாக்கிலேயே எண்ணத் தொடங்கலாம், மருத்துவர் பக்கத்திலேயே இருப்பார். அப்படியும் ஆபத்து ஆபத்துதான். என் பிள்ளை கிளவுஸ் போட்டபோது என் வீட்டில் நடந்த பேச்சுவார்த்தையை இங்கே எழுத விருப்பமில்லை. போட்டுக்கொள்ளச் சம்மதித்ததற்குக் காரணம், எந்த வாத்தியாரிடம் அனுப்புகிறோம் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அவரை நான் ஒரு ராத்திரியில் அறிந்துகொண்டேன்.

எண்பதுகளின் நடுவில், எங்கள் பக்கத்தில் ஒரு திறந்தவெளிச் சண்டை. பெயர்கள் வேண்டாம், சிலர் இன்னும் அதே தெருக்களில் இருக்கிறார்கள். எங்கள் தெருப் பையன், மீன்பிடித் துறைமுகத்தில் வேலை பார்த்தவன், பேர் போன ஒரு எதிராளியோடு மோதினான். முதல் இரண்டு ரவுண்டும் இவனுடையது. ஆட்டுக்கால் பாயாவும் முட்டையுமாகத் தெருவே காசு போட்டு அவனை வளர்த்திருந்தது, அதனால் ஒவ்வொரு குத்தும் எங்கள் கையில் இருந்து போகிற மாதிரி கூட்டம் ஆடியது. மூன்றாவதில் ஒரு வலது கை அவன் காதுக்கு மேலே விழுந்தது. விழவில்லை, நின்றான், சிரித்தான்கூட. கூட்டம் இன்னும் அதிகமாகக் கத்தியது.

நைனா என் கையை இறுக்கிப் பிடித்தார். "கால பாரு" என்றார்.

பின்கால் குதிகால் தரையில் பட்டிருந்தது. அவ்வளவுதான். வேறு எதுவும் மாறவில்லை, கை மேலேதான் இருந்தது, கண் திறந்துதான் இருந்தது. ஆனால் அந்தக் குதிகால் இறங்கிவிட்டது. அடுத்த நொடி துண்டு உள்ளே வந்து விழுந்தது. வாத்தியார் கயிற்றுக்குள் ஒரு கால் வைத்துவிட்டார்.

நாற்காலிகள் பறந்தன. சொந்தப் பரம்பரைக்காரர்களே அவரை அடிக்கப் பாய்ந்தார்கள். காசு வாங்கிவிட்டான் என்றார்கள். மேடைக்கு மேலே அவர் ஒன்றும் பேசாமல் பையனின் வாய்க்கட்டையை எடுத்துவிட்டு, தலையைத் தன் மார்பில் சாய்த்துவைத்து, விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டுக்கொண்டிருந்தார். பையன் பதில் சொல்லவில்லை. அன்று ராத்திரி ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் அவனைச் சேர்த்தார்கள். பிழைத்தான். மேடை ஏறவில்லை. துறைமுகத்திலேயே வேலை பார்த்து, பேரன் பேத்தி எடுத்துவிட்டான். வாத்தியாரைப் பல மாதம் தெருவில் யாரும் மதிக்கவில்லை. ஒரு டீக்கடையில் அவருக்கு முன்னால் ஒருவன் காறித் துப்பியதை நான் பார்த்தேன். அவர் டீயைக் குடித்துவிட்டுக் காசு வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை 5 மணிக்கு வழக்கம்போல மொட்டைமாடியில் பையன்களுக்குக் கயிறு தாண்டச் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தார்.

உலகம் ஃபட்சுக்குத் தந்த மரியாதையில் நூற்றில் ஒரு பங்கு அவருக்குக் கிடைக்கவில்லை. அது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

டிக்கெட் போட்டு நடந்த அந்தச் சண்டைகள் மெல்ல நின்றுபோயின. 1996-ல் பின்னி மில் மூடியது, அந்தக் கூலியில் ஓடிக்கொண்டிருந்த பலதும் அதோடு போனது. அமெச்சூர் மட்டும் தங்கியது. ரயில்வேயும் காவல்துறையும் ராணுவமும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தந்ததால்தான் அது தங்கியது என்பதைச் சொல்லியாக வேண்டும். இங்கே ஒரு வீட்டில் பையன் கிளவுஸ் போடுகிறான் என்றால் அம்மாவின் மனசில் ஓடுவது மெடல் இல்லை, ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை வேலை. அதில் குறைவாக ஒன்றும் இல்லை. சென்னையில் இருந்து போன வி. தேவராஜன் 1992-ல் பார்சிலோனா ஒலிம்பிக்ஸில் ஆடினார். 1994-ல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கினார். அடுத்த வருஷம் அர்ஜுனா விருது. அவருக்குப் பிறகு ஏன் வரிசையாக ஆட்கள் வரவில்லை என்று கேட்டால் ஹரியானாவின் பிவானியைப் பார்க்கச் சொல்வேன். ஜக்தீஷ் சிங் என்ற ஒரு வாத்தியார் அங்கே ஒரு கிளப் நடத்தினார். அதில் இருந்து வந்த விஜேந்தர் 2008-ல் பெய்ஜிங்கில் வெண்கலம் வாங்கினார். இங்கே அப்படிப்பட்ட வாத்தியார்கள் பத்துப் பேர் இருந்தார்கள். தலைக்கு மேலே ஒரு கூரையும், நாலு கம்பம் நட்ட ஒரு மேடையும், பையன்களுக்குக் காலையில் முட்டையும் பாலும் யாரும் கொடுக்கவில்லை. பரம்பரைப் பெருமையை மேடையில் பேசுகிறவர்கள் அந்த மேடையைப் பற்றிப் பேசட்டும்.

பெண்கள் வந்ததுதான் என் காலத்தில் நான் பார்த்த பெரிய மாற்றம். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில்தான் பெண்களுக்கு முதன்முதலாகக் குத்துச்சண்டை. மேரி கோம் தன் வழக்கமான எடைக்கு மேலே, 51 கிலோவில் ஆடி வெண்கலம் வாங்கினார். அடுத்த வருஷமே இந்தப் பக்கத்து மாடிகளில் ரெட்டை ஜடையை மடித்துக் கட்டிய பிள்ளைகள் பேக் அடிப்பதைப் பார்த்தேன். பெண்பிள்ளைகள் காலைச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள் என்று எங்கள் வாத்தியாரே சொன்னார். பையன்கள் முதல் நாளே ஓங்கிக் குத்த ஆசைப்படுவார்களாம், பெண்கள் முதலில் அடிபடாமல் இருக்கக் கற்றுக்கொள்ள ஆசைப்படுவார்களாம். அதுதான் இந்த ஆட்டத்துக்குச் சரியான வாசல் என்பார்.

என் மகள் அவரிடம் பழகினாள். முதல் மாவட்டப் போட்டியில் இரண்டாவது ரவுண்டு முடிந்து நீலக் கார்னருக்கு வந்து உட்கார்ந்தபோது நான் பின்னால் நான்கு அடி தள்ளி நின்றேன். வயசாகிக் கை நடுங்கும் மனுஷன், அந்த ஒரு நிமிஷத்தில் நடுங்கவில்லை.

"தண்ணி முழுங்காத. கொப்பளிச்சு துப்பு. மூக்கால இழு... இன்னொரு தபா. ஆங். இப்ப கேளு. அந்தப் பொண்ணு ரைட்ட போடறதுக்கு முன்னாடி இடது தோள கீழ எறக்குது. பாத்தியா?"

அவள் தலையாட்டினாள்.

"எறங்கனதும் நீ போ. யோசிக்காத. நேரா ரெண்டு ஜாப், அப்பறம் வெளிய வந்துடு. நிக்காத அங்க. ஜெயிக்கறது தோக்கறது எல்லாம் நான் பாத்துக்கறேன்."

ஒரே ஒரு விஷயம் சொன்னார். அதுவரை நடந்த 6 நிமிஷத்தில் அவருடைய கண்ணில் பட்டது நூறு இருந்திருக்கும். களைத்துப்போன தலைக்குள் ஒன்றுதான் நுழையும் என்று அவருக்குத் தெரியும். மணி அடிக்குமுன் ஸ்டூலை இழுத்துக்கொண்டு இறங்கினார். துண்டை மடித்து வலது கையில் எடுத்து வைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் போய்விட்டது.

அவள் தோற்றாள், 5 நடுவர்களில் 3 பேர் அந்தப் பக்கம் கொடுத்தார்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அந்தத் தோள் இறங்கியபோதெல்லாம் அவள் ஜாப் போய்ச் சேர்ந்தது என்பதில்தான் வாத்தியாருக்குச் சந்தோஷம். வீட்டுக்கு வரும் வழியில் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, அந்த மூன்றாவது ரவுண்டை ஆரம்பத்தில் இருந்து என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். எல்லாக் குத்தும் ஞாபகம் இருந்தது அவளுக்கு.

சென்னையில் மாவட்ட, மாநிலப் போட்டிகள் வருஷா வருஷம் நடக்கின்றன. மாவட்டப் போட்டிக்கு டிக்கெட் வாங்கவேண்டிய தேவை எனக்கு இதுவரை வந்ததில்லை. போனால் கேலரியில் மேலே உட்காராதீர்கள். சிவப்போ நீலமோ, ஒரு கார்னருக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். ரவுண்டு ஓடும்போது கால்களைப் பாருங்கள். மணி அடித்ததும் ஃபோனை எடுக்காமல், அந்த ஒரு நிமிஷம் வாத்தியார் என்ன சொல்கிறார் என்று காது கொடுங்கள். அடுத்த ரவுண்டில் அவர் சொன்னதைப் பையன் செய்கிறானா என்று பாருங்கள். காலையில் முதலில் ஆடுவது சின்னப் பிள்ளைகள், அவர்கள் செய்வார்கள்.